முட்டை ஓட்டை நீக்கியவர்களுக்கு

தலைவர் இளங்கோவன் அவர்களுக்கும், நம் அறிவியல் வட்டத்தின் செயற்குழுவினருக்கும், ரூபவதி அக்காவை அறிந்த அனைவருக்கும்:

1. சென்ற செப்டம்பர், இரண்டாம் சனிக்கிழமை. ‘உப்பு ஏன் கரைகிறது?’ என்ற சிறுநூலின் கைப்பிரதியை ரூபவதி அக்கா நம்மிடம் ஒப்படைத்தார். நாம் கேட்டு அவர் எழுதியது அது. அயனிச் சேர்மங்கள் தண்ணீரில் கரைவதைப் பற்றி எளிய தமிழில் பிழையில்லாமல் எழுதப்பட்டிருந்தது.

2. நவம்பர், இரண்டாம் சனிக்கிழமை. அவரைக் கேட்காமல் அந்நூலில் மூன்று மாற்றங்கள் செய்யப்பட்டன.

3. ஜனவரி, இரண்டாம் சனிக்கிழமை. அம்மாற்றங்களை அவர் செயற்குழுக் கூட்டத்தில் மறுத்தார். அறையில் இருந்த எவரும் அவருக்காக வாய் திறக்கவில்லை. அவர்களுள் நானும் ஒருவன். வேதிப் பொறியியல் படித்தவன் நான் ஒருவன்தான்.

4. பிப்ரவரி முதல் அவர் கூட்டங்களுக்கு வரவில்லை. ஏன் என்று நாம் கேட்கவில்லை.

5. ஏப்ரல், கடைசிச் செவ்வாய்க்கிழமை. அவர் காலமானார்.

6. அதே வாரம் வெள்ளிக்கிழமை. அவர் மறுத்த அதே பிரதி, மாற்றங்கள் எதுவும் நீக்கப்படாமல், அவர் பெயரோடும் படத்தோடும் அச்சகத்துக்கு அனுப்பப்பட்டது. முப்பத்தொன்றாம் நாளை ஒட்டிவரும் சனிக்கிழமை, நினைவுக்கூட்டத்தில் அதை அஞ்சலியாக வெளியிடப் போகிறோம்.

அந்த நூலின் முதல் பக்கங்களில் சேர்ப்பதற்காக அக்காவைப் பற்றி ஒரு நினைவுக் குறிப்பு எழுதித் தருமாறு தலைவர் என்னைக் கேட்டிருந்தார். “உருக்கமா, ரெண்டு பக்கத்துக்குள்ள” என்றார். பக்கம் கூடிவிட்டது. மற்றபடி அவர் கேட்டதைத்தான் எழுதியிருக்கிறேன்.

செய்தி வந்தபோது நான் தஞ்சோங் பகாரில், அலுவலகத்துக்குக் கீழே உள்ள உணவங்காடியில், சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றிருந்தேன். வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் அனுப்பியிருந்தார்: ‘உப்பு நீரில் கரைந்து மறைவதுபோல் நம் ரூபவதி அம்மையார் காலவெள்ளத்தில் கரைந்து மறைந்தார்.’ முதலில் எனக்குத் துக்கம் வரவில்லை. அந்த வாக்கியத்தில் உள்ள பிழைதான் கண்ணில் பட்டது. அக்கா இருந்திருந்தால் அடுத்த நிமிடமே திருத்தியிருப்பார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான், திருத்துவதற்கு அவர் இல்லை என்பதே செய்தி என்று உறைத்தது. அதற்குள் குழுவில் கூப்பிய கைகள் வரிசையாக விழத் தொடங்கியிருந்தன. நானும் ஒரு ஜோடிக் கையைச் சேர்த்துவிட்டு, தட்டை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மாலையில் புக்கிட் மேராவில் அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனேன். கூடாரத் துணி கட்டி, வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். அக்கா திருமணம் செய்துகொள்ளவில்லை. கூடவே வாழ்ந்த தம்பி பாலாதான் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

“சார், அக்கா புக்கு வந்துருச்சா?”

என்னை ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

“பிரிண்டிங்ல லேட்டாகுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நான்கூட கேலி பண்ணேன், உப்பு கரையற நேரத்துல புக்கே கரைஞ்சிரும் போலன்னு. அவங்க எல்லாம் நல்லா படிச்சவங்க, பாத்துப் பாத்துச் செய்வாங்கடான்னா. உங்க பேரத்தான் சொன்னா சார். கதிர் இருக்காருன்னா.”

ஜனவரியில் நடந்ததை அக்கா வீட்டில் சொல்லவில்லை. நம்மை வீட்டாரிடம் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. நான் பாலாவிடம், “வரும், பாலா” என்றேன். அது நாம் மாற்றிய நூலைப் பற்றிய உண்மையாகவும் அக்கா எழுதிய நூலைப் பற்றிய பொய்யாகவும் ஒரே நேரத்தில் இருந்தது. மேசையில் வைத்திருந்த பொட்டலத் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

ரூபவதி அக்கா யார் என்று நம் புதிய உறுப்பினர்களில் பலருக்குத் தெரியாது. ஜூரோங்கில் ஆலைகளின் கொதிகலன்களுக்கு நீர் சுத்திகரித்துத் தரும் ஒரு நிறுவனத்தில் வேதியியலாளராக அவர் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராக வந்தவர். மூன்றாம் தலைமுறையில் அக்காவிடம் அந்த ஊரிலிருந்து எஞ்சியிருந்தது ‘ஓம்’ என்ற சொல் மட்டுமே. ஆமாம் என்று சொல்லவேண்டிய இடத்தில் எல்லாம் ஓம் என்பார். ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதியான நம் சித்ரா, “அக்கா பூசை ஆரம்பிச்சிட்டாங்க, எல்லாரும் கண்ண மூடுங்க” என்பார். அக்கா அசராமல், “ஓம். நீங்க மூட வேண்டியது வாயத்தான்” என்பார்.

நம் வட்டத்துக்கு அவர் முதன்முறை வந்த சனிக்கிழமை என் நினைவில் நன்றாக இருக்கிறது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால், மளிகைக் கடைக்கு மேலே, நாம் மாதம் ஒரு முறை கூடும் அதே மாடி அறை. கீழேயிருந்து மல்லித்தூள் வாசனை ஏறிவந்துகொண்டிருந்தது. மேசைமேல் தண்ணீர் நிரம்பிய இரண்டு கண்ணாடிப் புட்டிகளை அக்கா வைத்தார். ஒன்றில் ஒரு கரண்டி உப்பைக் கொட்டி மூடிக் குலுக்கினார். மற்றொன்றில் கழுவி, உள்தோல் உரித்து, நொறுக்கிய முட்டை ஓட்டைப் போட்டு, அதையும் அதேபோல் குலுக்கினார்.

“ரெண்டும் அயனிச் சேர்மந்தான். ரெண்டுலயும் நேர்மின்சுமை உள்ள துகளும் எதிர்மின்சுமை உள்ள துகளும் ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்குது. தண்ணியும் ஒரே குழாய்த் தண்ணி. ஒண்ணு கரைஞ்சுது, ஒண்ணு கரையல. முதல் புட்டில உப்பு எங்க போச்சு, தலைவரே?”

“மறைஞ்சிடுச்சு” என்றார் தலைவர், மேடையில் சொல்வதுபோல.

“நாக்குல வச்சுப் பாருங்க.”

தலைவர் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“மறையல பாருங்க. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். உங்க கண்ணுக்குத் தெரியாததெல்லாம் இல்லன்னு ஆயிடாது.”

அறை சிரித்தது. தலைவரும் சிரித்தார். அன்று சிரித்தவர் நவம்பர்வரை அதை மறக்காமல் வைத்திருந்தாரோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அது என் ஊகம். ஊகம் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்னொரு முறை சித்ரா பேரங்காடியிலிருந்து சோடியம் குறைந்த உப்பு வாங்கி வந்து, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். சோடியம் இருந்த இடத்தில் பாதிக்குப் பொட்டாசியம் உட்கார்ந்திருக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டு, ஒரு தாள் கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதில் அந்த உப்பைத் தாராளமாகப் போட்டுக் கலக்கி, கோப்பையை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். கோப்பை சில்லென்று இருந்தது.

“கரையறப்ப சூடாகணும்னு கட்டாயமில்ல” என்றார். “படிகத்தைப் பிரிக்கச் சக்தி வேணும். தண்ணி வந்து அயனியச் சூழ்ந்துக்கறப்ப சக்தி வெளிய வரும். இதுல வர்றது போதல. குறையறத அக்கம்பக்கத்துல இருந்து எடுத்துக்குது. இப்ப உங்க கையில இருந்து.”

“கேக்காமலே எடுத்துக்குதே லா” என்றார் சித்ரா.

“ஓம். கேட்டா குடுப்பீங்களா?”

சக்தி குறைவாகக் கிடைத்தும் ஏன் கரைகிறது என்று நான் கேட்டேன். எனக்கு விடை தெரியும். அவர் அதை எப்படிச் சொல்கிறார் என்று பார்க்கத்தான் கேட்டேன். படிகத்துக்குள் அயனிகள் நிற்பதற்கு ஒரே ஒரு வரிசைதான் உண்டு, தண்ணீருக்குள் பரவி நிற்பதற்கு எண்ண முடியாத வழிகள் உண்டு, வழி அதிகமுள்ள பக்கம்தான் பொருள்கள் நகரும் என்றார். பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் முழுக்க நான் சமன்பாடுகளாகப் படித்ததை அவர் ஒரு தாள் கோப்பையை வைத்துக்கொண்டு சொன்னார். நானும் அதே அறிவைப் பெற்றவன்தான். நான் அதைச் சம்பளத்துக்கு மட்டும் பயன்படுத்தினேன்.

முட்டை ஓட்டின்மேல் அவருக்கு ஏன் அத்தனை பற்று என்பது பூன் லேயில் தெரிந்தது. வட்டத்தினர் சிலர் அங்கே ஒரு உறுப்பினர் வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டபின், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த பொருள் ஒன்றைக் காட்டுகிறேன் என்று அக்கா தம் பையைத் திறந்தார். குறுக்கே அறுத்த ஒரு இரும்புக் குழாய்த் துண்டு. வெளியே கையளவு அகலம். உள்ளே சுற்றிலும் வெள்ளையாகக் கல் படிந்து, நடுவில் ஒரு விரல் நுழையும் ஓட்டை மட்டுமே மிச்சம் இருந்தது.

“கொதிகலன் குழாய். இதுவும் முட்டை ஓடும் ஒரே சாமான். கால்சியம் கார்பனேட்டு. கரையாத உப்பு ஒரு தடவ உக்காந்துச்சுன்னா எந்திரிக்காது. அத உக்கார விடாம பாத்துக்கறதுதான் என் வேல. முப்பது வருசமா கரையாததுதான் எனக்குச் சோறு போட்டுச்சு. கரையறத மட்டும் பாத்துட்டு இருந்தவன் கொதிகலன் வெடிச்சுப் போயிரும்.”

இப்போது அந்த மூன்று மாற்றங்களுக்கு வருகிறேன். அக்காவைப் புகழ்ந்து நினைவுக்கூட்ட மேடையில் பேச இருப்பவர்கள் இவற்றைப் படித்துவிட்டுப் பேசட்டும்.

முதல் மாற்றம். அக்கா எழுதியது: ‘நீர் மூலக்கூறு வளைந்தது. அதன் ஆக்சிஜன் பக்கம் சற்றே எதிர்மின்சுமையும், ஹைட்ரஜன் பக்கங்கள் சற்றே நேர்மின்சுமையும் கொண்டவை. உப்பில் சோடியம் நேர் அயனி. குளோரைடு எதிர் அயனி. நீர், சோடியத்திடம் தன் ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்புகிறது. குளோரைடிடம் ஹைட்ரஜன் பக்கத்தைத் திருப்புகிறது. ஒரு மூலக்கூறின் இழுப்பு மிகச் சிறிது. பல மூலக்கூறுகள் சூழ்ந்து, ஒவ்வொன்றும் உரிய பக்கத்தைக் காட்டி நிற்கும்போது, படிகத்தின் விளிம்பில் இருக்கும் அயனி பிடி விட்டு வெளியேறுகிறது.’ உப்பு ஏன் கரைகிறது என்ற கேள்விக்கு விடை இந்த ஒரு பத்திதான். மற்ற பக்கங்கள் எல்லாம் இதற்கு விளக்கம். இதை நீக்கிவிட்டு நாம் சேர்த்தது: ‘நீர் என்னும் தாய், உப்பு என்னும் பிள்ளையைத் தன் மடியில் ஏந்தி அணைத்துக்கொள்கிறாள். தாயின் அன்பில் கரையாத பிள்ளையும் உண்டோ?’

இரண்டாம் மாற்றம். முட்டை ஓட்டைப் பற்றிய அத்தியாயம் முழுவதும் நீக்கப்பட்டது. கால்சியமும் கார்பனேட்டும் இருமடங்கு மின்சுமை கொண்டவை. அவற்றின் பரஸ்பரப் பிடி பல மடங்கு இறுக்கமானது. நீரும் அவற்றை இறுகத்தான் பற்ற முயலும், ஆனால் அப்படிப் பற்றும்போது நீர் மூலக்கூறுகளே அசைய வழியின்றிக் கட்டுண்டு போகும். ஆகவே முடிவு நீரின் பக்கம் சாய்வதில்லை. இதை அவர் அந்த அத்தியாயத்தில் விளக்கியிருந்தார். ‘அயனிச் சேர்மம் என்றாலே கரையும் என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படிக்கவும்’ என்று அதன் தலையில் ஒரு குறிப்பும் இருந்தது.

மூன்றாம் மாற்றம். நூலின் கடைசி வரி. அக்கா எழுதியது: ‘கரைந்தது காணாமல் போவதில்லை, நீரை வற்றவிட்டால் படிகம் திரும்பி வரும்.’ நாம் மாற்றியது: ‘கரைந்து, தன்னை இழந்து, நீராகவே ஆகிவிடுகிறது உப்பு.’ உப்பு நீராக ஆவதில்லை. நீராக ஆகுமென்றால் கடல் கரிக்காது.

ஜனவரிக் கூட்டத்தில் தலைவர் இந்த மாற்றங்களைத் தம் கணீர்க் குரலில் படித்துக் காட்டினார். தாயும் பிள்ளையும் வந்த இடத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள். அக்கா கடைசிவரை கேட்டுவிட்டு, “மின்சுமைய ஏன் எடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“அம்மா, இது பொதுமக்கள் படிக்கிற புத்தகம்” என்றார் தலைவர். “தண்ணில கரண்ட் இருக்குன்னு எழுதுனா வீட்டுல இருக்கற பொம்பளைங்க குழாயத் தொடவே பயப்பட மாட்டாங்களா?”

“நானும் வீட்டுல இருக்கற பொம்பளைதான். தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“உங்க கருத்து ஒண்ணையும் நாங்க மாத்தல. கொஞ்சம் இனிமை சேத்திருக்கோம். தமிழ்னா ஒரு அழகு வேணும்ல?”

“சரி, அழகாவே பேசுவோம். தாய் எல்லாப் பிள்ளையையும் அணைப்பா. அப்ப முட்டை ஓடு என்ன, மாற்றாந்தாய் பிள்ளையா?”

சித்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைவர் திரும்பிப் பார்த்ததும் அவர் தேநீர்க் கோப்பைகளை அடுக்கத் தொடங்கினார்.

“அதனாலதான் அந்த அத்தியாயத்தையே எடுத்துட்டோம்” என்றார் தலைவர். “கரையறதப் பத்தின புத்தகத்துல கரையாததுக்கு என்ன வேல?”

அப்போது அக்கா என் பக்கம் திரும்பினார். “கதிர், நீங்க கெமிக்கல் எஞ்சினியர். நீங்க சொல்லுங்க. இது சரியா?”

சரியில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தலைவருக்கு என் படிப்பின்மேல் மரியாதை உண்டு. மற்றவர்களும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாதக் கடைசியில் வட்டத்தின் ஆண்டு விழா இருந்தது. தலைவரைப் பகைத்துக்கொண்டு விழா நடத்துவது எப்படி என்பதுதான் என் மனத்தில் ஓடிய ஒரே கணக்கு. நான் சொன்னேன்: “அக்கா, சாதாரண மக்களுக்குத்தானே. இந்த அளவு போதும். விட்டுருங்களேன்.”

அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றும் கொண்டுவந்து மேசைமேல் வைத்திருந்த தம் முட்டை ஓட்டுப் புட்டியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். “என் பேரப் போடாம போட்டுக்குங்க” என்றார். தலைவர், பெரிய மனது என்று பாராட்டினார். அதை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா, அல்லது கேட்காததுபோல் இருந்துவிட்டாரா என்று தெரியவில்லை. கூட்டக் குறிப்பை எழுதியவன் நான். ‘ஆசிரியர் மாற்றங்களை ஏற்கவில்லை, தம் பெயர் வேண்டாம் என்றார்’ என்று தெளிவாகவே எழுதினேன். குறிப்பில் எழுதும் துணிவு மட்டும் எனக்கு எப்போதும் உண்டு.

படியிறங்கும்போது அவருக்குப் பின்னால் போனேன். அந்த மரப்படி செங்குத்தானது. அவருக்கு முழங்கால் வலி. பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கீழே கடை வாசலில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் நின்று, கோபமே இல்லாத குரலில் சொன்னார்:

“கதிர், நீங்க தண்ணி மாதிரி. தலைவருக்கு ஒரு பக்கத்தக் காட்டுறீங்க, எனக்கு ஒரு பக்கத்தக் காட்டுறீங்க. கெட்ட குணம்னு சொல்லல. அது இல்லன்னா உலகத்துல ஒண்ணும் கரையாது.” பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “ஆனா முட்டை ஓட்டுக்கிட்ட அது செல்லாது” என்றார்.

பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். அது அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. பிப்ரவரியில் அவர் வராதபோது, முழங்கால் வலியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மார்ச்சிலும் அதையே சொல்லிக்கொண்டேன். என் வீடும் புக்கிட் மேராவில்தான் இருக்கிறது. அவர் புளோக்கிலிருந்து பார்த்தால் என் புளோக் தெரியும். ஏப்ரலில் அவருடைய இதயம் நின்றது.

அஸ்தி கரைக்கும் நாளன்று சாங்கியிலிருந்து படகில் போனோம். பாலாவும் இரண்டு உறவினர்களும், வட்டத்தின் சார்பில் தலைவரும் நானும். கரை நன்றாகத் தள்ளிப்போன பிறகு படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். பாலா குனிந்து, சிவப்புத் துணியை அவிழ்த்து, கலயத்தை நீர்மட்டத்தில் சாய்த்தார். சாம்பலின் மெல்லிய பொடி சற்று நேரம் பால்போல் பரவி நின்றது. துண்டுகள் வெள்ளையாக இறங்கிப் போயின. பூக்கள் மட்டும் மேலே மிதந்தன.

தலைவர் கண்களை மூடி, “கரைஞ்சிட்டாங்க” என்றார். “உப்பப் பத்தி எழுதினவங்க உப்பாவே கடல்ல கரைஞ்சிட்டாங்க.”

பாலா நீரைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னார்: “இல்ல சார். எலும்புச் சாம்பல் கரையாதாம். கால்சியம் பாஸ்பேட்டாம். அக்கா எப்பவோ சொல்லிருக்கா. டேய், என்னய கடல்ல போட்டா நான் கரைவேன்னு எவனாவது பேசுவான், நம்பாத, நான் நேரா அடியில போயி உக்காந்துக்குவேன்னு. அப்புறம் அவளே சிரிப்பா.”

தலைவர் பதிலாக அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். துக்கத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருப்பார். அப்போதும் ஒருவன் அங்கே இருந்தான், பாலா சொல்வது அட்சரம் பிசகாமல் சரி என்று அறிந்தவன். படகில் அவனுக்கு ஒரு இருக்கையும் இருந்தது. வாயும் இருந்தது. அவன் கரையைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

கரை சேர்ந்ததும் பாலா தம் காரிலிருந்து ஒரு பையை எடுத்துக் கொடுத்தார். “அக்கா மேசைல இருந்துச்சு. உங்க வட்டத்துச் சாமான்னு நெனைக்கிறேன், சார். புக்கு வந்த ஒடனே எனக்கு ஒண்ணு வேணும். நானே வாங்கிக்கறேன், ஃப்ரீயா வேணாம். அவ கடைசில அந்த முட்டைக் கத எப்படி எழுதினான்னு பாக்கணும். அதத்தான் எங்கிட்ட படிச்சுக் காட்டிக்கிட்டே இருப்பா.”

பையில் அந்தப் புட்டி இருந்தது. அவர் முதன்முறை வந்த சனிக்கிழமை மேசைமேல் வைத்த அதே முட்டை ஓட்டுப் புட்டி. இத்தனை ஆண்டுகளில் அக்கா தண்ணீரை மாற்றியிருப்பார். ஓட்டை மாற்றியதில்லை என்று பாலா சொன்னார்.

பாலா கையில் நாம் கொடுக்கப் போகும் நூலில் முட்டை ஓட்டுக் கதை இல்லை. அவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடுவார். கிடைக்காது. தம் அக்கா அதை எழுதியதாகச் சொன்னது பொய்யா, அல்லது நினைவுத் தடுமாற்றமா என்று யோசிப்பார். கடைசி வரியில் உப்பு நீராகவே ஆகிவிடுகிறது என்று தம் அக்கா பெயரால் படிப்பார். கொதிகலன்களோடு வாழ்ந்த ஒரு பெண், இறந்த பிறகு, தம் தம்பிக்கு முன்னால் தம் துறையில் தவறு செய்தவராக நிற்பார். நாம் செய்யப்போகும் அஞ்சலியின் பொருள் இதுதான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இரண்டு. ஒன்று, என் மேசைமேல் இருக்கும் புட்டி. தினமும் காலையில் ஒரு முறை குலுக்கிப் பார்க்கிறேன். ஓடு சுழன்று எழுகிறது, பிறகு அடியில் வந்து அமர்கிறது, தண்ணீர் தெளிகிறது. மற்றது, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் அவர் சொன்ன வாக்கியம். அதை யாருக்கும் கொடுக்கும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. அதை இங்கே எழுதியிருப்பது, எழுதாவிட்டால், இனி நான் கேட்கவிருப்பதைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்காது என்பதால்.

அச்சகத்தில் விசாரித்துவிட்டேன். தாள்கள் இன்னும் இயந்திரத்தில் ஏறவில்லை. அக்காவின் மூலப் பிரதி என்னிடம் இருக்கிறது. மின்சுமையும், முட்டை ஓடும், கடைசி வரியும் அவர் எழுதியபடியே அதில் உள்ளன. செயற்குழு செய்யவேண்டியது இரண்டில் ஒன்று. அந்த மூலப் பிரதியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிட வேண்டும். அல்லது, நாம் திருத்திய பிரதியை வெளியிடுவதென்றால், அதிலிருந்து ரூபவதி அக்காவின் பெயரையும் படத்தையும் நீக்கிவிட்டு, ஆசிரியர் என்ற இடத்தில், ஜனவரியில் அந்த அறையில் உட்கார்ந்திருந்த நம் அனைவருடைய பெயர்களையும் போட வேண்டும். என் பெயர் முதலில் வரட்டும்.

எந்த வழி என்பதை வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் செயற்குழு எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கூப்பிய கைகளைப் பதிலாக ஏற்க இயலாது. பதில் வராவிட்டால், அதற்கடுத்த வாரச் சனிக்கிழமை நினைவுக்கூட்டத்தில் என்னைப் பேச அழைத்திருக்கும் நேரத்தில் நான் பேசப்போவதில்லை. நாம் நீக்கிய முட்டை ஓட்டு அத்தியாயத்தை, பாலா முன் வரிசையில் இருக்க, முதலிலிருந்து கடைசிவரை படிப்பேன். புட்டி மேசைமேல் இருக்கும்.

கதிரேசன்
(செயலாளர் என்று இம்முறை கையெழுத்திடவில்லை)